ஜெயித்ததால் நன்றாக ஆடினார்களா?

2022 ஜூனில் இந்தியக் கால்பந்து அணி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மூன்று ஆட்டங்கள் ஆடியது. ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று. கம்போடியாவை 2–0, ஆப்கானிஸ்தானை 2–1, ஹாங்காங்கை 4–0 என்று மூன்றிலும் வெற்றி. அடுத்த ஆண்டு செப்டம்பரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஒரு செய்தி வெளியிட்டது. அந்த ஆட்டங்களுக்கு முன்னால் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் வீரர்களின் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு அனுப்பி, அன்றைக்கு யாருக்கு நேரம் எப்படி என்று கேட்டிருக்கிறார். இருவரையும் அறிமுகப்படுத்தியவர் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அப்போதைய பொதுச்செயலாளர். ஜோதிடருக்கு 12 முதல் 15 லட்சம் ரூபாய் வரை சம்மேளனம் கொடுத்தது என்பது செய்தி.

நாடே சிரித்தது. மீம்கள் பறந்தன. நானும் நாலைந்து ஃபார்வர்டு பண்ணினேன். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு சங்கடமான கேள்வி மிச்சம் இருந்தது. தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம், மூன்று வெற்றி. முடிவை மட்டும் வைத்து ஆட்டத்தை எடைபோடும் ஒருவர், இந்த ஜோதிடரை எந்த வாதத்தால் மறுப்பார்? "ரிசல்ட் பேசுதுல்ல" என்பதுதானே நம்முடைய கால்பந்துப் பேச்சின் கடைசி வார்த்தை? இங்கே ரிசல்ட் ஜோதிடர் பக்கம் பேசுகிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லிவிடலாம். சரிதான். ஆனால் பனம்பழம் எப்படி விழுந்தது என்று பார்த்தால்தான் காக்கையை விடுவிக்க முடியும். ஆப்கானிஸ்தான் ஆட்டத்தில் 86வது நிமிடம் வரை கோலே இல்லை. சுனில் சேத்ரியின் ஃப்ரீ கிக் உள்ளே போனது. இரண்டு நிமிடத்தில் ஆப்கானிஸ்தான் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் சஹல் அப்துல் சமத் அடித்து இந்தியா தப்பித்தது. அந்தக் கடைசி சில நிமிடங்கள் வேறு மாதிரி போயிருந்தால், அதே பதினொரு பேர் ஆடிய அதே 85 நிமிடங்களைப் பற்றி நாம் முற்றிலும் வேறு ஒரு கட்டுரை எழுதியிருப்போம். ஜோதிடரும் வேறு ஒரு பரிகாரம் சொல்லியிருப்பார்.

கால்பந்தில் புள்ளிவிவரத்தின் மதிப்பு என்ன என்று கேட்டால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். அடுத்து யார் ஜெயிப்பார் என்று சொல்வது ஜோதிடரும் பந்தயக்காரரும் செய்கிற வேலை. நடந்து முடிந்த ஆட்டத்தை அதன் முடிவிலிருந்து பிரித்தெடுத்துப் பார்க்க ஒரு கருவி வேண்டும். எண் அந்தக் கருவி. அதற்கும் கண்ணில் பூ விழுந்த இடங்கள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

*

நம்முடைய ஊர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஊர். சராசரி, ஸ்ட்ரைக் ரேட், எகானமி எல்லாம் எட்டாம் வகுப்புப் பையனுக்கு மனப்பாடம். ஒரு இருபது ஓவர் இன்னிங்ஸில் 120 பந்துகள். ஒவ்வொரு பந்தும் தனி நிகழ்ச்சி, தனிக் கணக்கு. மழை வந்தால் டக்வொர்த்–லூயிஸ் சூத்திரம் ஆட்டத்தின் வெற்றியையே தீர்மானிக்கிறது. நம் உள்நாட்டு ஆட்டங்களில் திருச்சூர்ப் பொறியாளர் ஜெயதேவனின் முறை அதே வேலையைச் செய்திருக்கிறது. புலம்புவோம், ஆனால் ஏற்றுக்கொள்வோம். அதே ஆள் கால்பந்தில் எக்ஸ்ஜி என்ற சொல்லைக் கேட்டால், "கோல் அடிச்சியா இல்லையா, அத சொல்லு மச்சி" என்பார்.

இந்த எதிர்ப்பில் ஒரு நியாயம் உண்டு. கால்பந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டம். அதைப் பந்து பந்தாக வெட்ட முடியாது. ஆனால் இதே காரணத்தால்தான் இங்கே ஸ்கோர் அதிகம் பொய் சொல்கிறது. 90 நிமிடத்தில் சராசரியாக இரண்டரை, இரண்டே முக்கால் கோல். ஒரு டிஃப்ளெக்ஷன், ஒரு தவறான விசில், ஈரப் புல்லில் ஒரு வழுக்கல் போதும், பாதி முடிவு மாறிவிடும். 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாருக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இந்தியா 1–0 என்று முன்னிலையில் இருந்தது. 73வது நிமிடம் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் கோலாக்கியது. நடுவர் கோல் கொடுத்தார். 1–2 என்று முடிந்து இந்தியா வெளியேறியது. சில நாட்களில் ஸ்டிமாச்சின் வேலையும் போனது. அவருடைய பயிற்சியைப் பற்றி எனக்கும் புகார்கள் உண்டு. ஆனால் அந்தப் புகார்களில் எதுவும் அந்தப் பந்து கோட்டைத் தாண்டியதா என்பதைப் பொறுத்து இல்லை.

எக்ஸ்ஜி, அதாவது எதிர்பார்க்கத்தக்க கோல், பிறந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். ஒரு ஷாட் எங்கிருந்து அடிக்கப்பட்டது, என்ன கோணம், காலா தலையா, எப்படிப்பட்ட பாஸிலிருந்து வந்தது என்று பார்த்து, இதே மாதிரியான பழைய ஷாட்கள் ஆயிரக்கணக்கில் எத்தனை கோலாயின என்ற விகிதத்தை அதற்குக் கொடுப்பார்கள். பெனால்டிக்கு ஏறக்குறைய 0.76 முதல் 0.79. முப்பது கஜத்திலிருந்து நம்பிக்கையோடு வீசுகிற ஷாட்டுக்கு 0.03 பக்கத்தில். ஆட்டம் முடிந்ததும் கூட்டிப் பார்ப்பார்கள். 2012இல் ஆப்டா நிறுவனத்தில் இருந்த சாம் கிரீன் எழுதியதிலிருந்து இது பரவத் தொடங்கியது. 2017இல் பிபிசியின் 'மேட்ச் ஆஃப் த டே' திரையிலேயே வந்துவிட்டது. அவ்வளவுதான் அதன் மர்மம். எத்தனை நல்ல வாய்ப்புகளை உருவாக்கினாய், எத்தனையை விட்டுக்கொடுத்தாய் என்று கேட்கிறது. கோல் அடித்தாயா என்ற கேள்விக்கு ஏற்கெனவே பலகையில் பதில் இருக்கிறது.

இதைப் பரிசோதிக்க ஒரு நல்ல ஆட்டம், 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2–1 என்று தோற்கடித்தது. சவூதி மொத்தம் அடித்தது 3 ஷாட். அதில் இரண்டு கோல். எக்ஸ்ஜியைக் கேட்டால் இது அதிர்ஷ்டம் என்று சட்டென்று சொல்லும். அடுத்த இரண்டு ஆட்டங்களில் சவூதி போலந்திடமும் மெக்சிகோவிடமும் தோற்று வீட்டுக்குப் போனதும், அர்ஜென்டினா கோப்பையை எடுத்துப் போனதும் அந்தத் தீர்ப்புக்கு வலு சேர்க்கும். ஆனால் முதல் பாதியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் தன் தற்காப்பு வரிசையை மைதானத்தின் பாதிக்குக் கிட்டத்தட்ட ஏற்றி நிறுத்தியிருந்தார். அர்ஜென்டினா அந்த ஒரு பாதியில் மட்டும் 7 முறை ஆஃப்சைடில் மாட்டியது; மூன்று கோல்கள் ரத்தாயின. ஆஃப்சைடில் அடித்த ஷாட் ஷாட்டே இல்லை. எனவே எக்ஸ்ஜி கணக்கில் அந்த வலை விரிப்பு முழுக்கப் பூஜ்யம். கத்தி மேல் நடக்கிற துணிச்சலான திட்டம் அது. பாதி அதிர்ஷ்டம், பாதி வடிவமைப்பு. எண் முதல் பாதியைச் சொன்னது. இரண்டாவதைக் கண்தான் பார்த்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2014இல் பெலோ ஹொரிசோண்டேவில் பிரேசில் ஜெர்மனியிடம் 1–7 என்று சிதைந்த ஆட்டத்தின் மொத்தக் கணக்கை மட்டும் எடுத்தால், பிரேசில்தான் அதிக ஷாட் அடித்திருக்கிறது. பந்தும் அவர்களிடம்தான் கொஞ்சம் அதிக நேரம் இருந்தது. 29வது நிமிடத்திலேயே 0–5. அதற்குப் பிறகு ஜெர்மனி ஆட்டத்தைத் தளர்த்திவிட்டது; பிரேசில் வெறியில் அடித்துக்கொண்டே இருந்தது. 'எவ்வளவு' என்று மட்டும் சொல்லி 'எப்போது' என்று சொல்லாத எண், தேதி கிழிந்த ரசீது மாதிரி.

*

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். சென்னையின் எஃப்சி ரசிகர்கள் மூன்று வருடத்தில் மூன்று வாழ்க்கை வாழ்ந்தவர்கள். 2017–18 பருவத்தில் சாம்பியன். 2018–19இல் அதே பயிற்சியாளர் ஜான் கிரெகரியின் கீழ் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். 2019–20இல் மோசமாகத் தொடங்கி, கிரெகரி போய், டிசம்பரில் ஓவன் காயல் வந்து, நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6–5 என்று தாண்டி, இறுதி ஆட்டம்வரை. கொரோனாவால் ஆளில்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் ஏடிகேயிடம் 1–3 என்று தோல்வி.

ஒவ்வொரு வருடமும் நாம் சொல்லிக்கொண்ட கதையை நினைத்துப் பாருங்கள். முதல் வருடம்: "டீம்ல ஒத்துமை இருக்கு, கிரெகரி அப்பா மாதிரி." இரண்டாம் வருடம்: "பசி போயிடுச்சு, கப் ஜெயிச்ச திமிரு." மூன்றாம் வருடம்: "காயல் வந்து உசுரு கொடுத்தான்." மூன்றும் நல்ல கதைகள், மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மூன்றும் ஸ்கோர் வந்த பிறகு எழுதப்பட்டவை. ஒற்றுமையான அணி தோற்றிருந்தால் அதே ஒற்றுமைக்கு 'சொகுசாகிவிட்டார்கள்' என்று பெயர் வைத்திருப்போம்.

எண்கள் இங்கே என்ன செய்திருக்கும்? 2017–18இல் லீக் சுற்று 18 ஆட்டங்களில் பெங்களூரு எஃப்சி 40 புள்ளி, சென்னையின் 32. மார்ச் 17 அன்று ஒரு ராத்திரியில் சென்னையின் 3–2 என்று ஜெயித்தது. கோப்பை சென்னையினுடையது, அதில் சந்தேகமே இல்லை, நான் கத்திய கத்தலை மாடம்பாக்கம் ஏரிக்கரை வரை கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த வருடத்தின் சிறந்த அணி எது என்பது வேறு கேள்வி. 18 ஆட்டம் சொல்லும் சாட்சிக்கும் ஒரு ஆட்டம் சொல்லும் சாட்சிக்கும் ஒரே எடை கிடையாது. ஐஎஸ்எல் நிர்வாகமே 2019–20 பருவத்திலிருந்து லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவருக்கு ஒரு கேடயம் கொடுக்கத் தொடங்கியதை, இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டதாகத்தான் படிக்க வேண்டும். முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவே நாம் கற்பித்துக்கொண்ட குணவீழ்ச்சி, கணக்கில் அத்தனை பெரிய பள்ளமாகத் தெரியாது. சாம்பியன் அணி நாம் நினைத்ததைவிடக் கொஞ்சம் சுமார். கடைசி அணி நாம் திட்டியதைவிடக் கொஞ்சம் மேல்.

இதில் ஆட்களின் வேலை பணயமாக இருக்கிறது. 2014–15இல் யூர்கன் க்ளோப்பின் டார்ட்மண்ட் அணி குளிர்காலத்தில் ஜெர்மன் லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. க்ளோப்பின் காலம் முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். லிவர்பூலின் தரவு ஆராய்ச்சித் தலைவர் இயன் கிரஹாம், இயற்பியல் படித்தவர், அந்தப் பருவத்தின் ஆட்டங்களைத் தன் மாதிரியில் ஓட்டிப் பார்த்தார். டார்ட்மண்ட் உருவாக்கிய வாய்ப்புகளுக்கும் விட்டுக்கொடுத்த வாய்ப்புகளுக்கும் கிடைத்த புள்ளிகள் மிகக் குறைவு, துரதிர்ஷ்டமே பெரிய பங்கு என்று வந்தது. டார்ட்மண்ட் ஏழாவதாக முடித்தது. 2015 அக்டோபரில் க்ளோப் லிவர்பூலுக்கு வந்தார். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் முப்பது வருடம் காத்திருந்த லீக் பட்டம். இந்தியக் கிளப்களில் ஐந்தாறு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளர் விமான நிலையத்தில் நிற்பார். அந்த ஐந்தாறில் எத்தனை அவருடைய பிழை, எத்தனை கோல் போஸ்டின் பிழை என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு மனிதரை அனுப்புவது தீர்ப்பே ஆகாது. பரிகாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

*

இனி எண்ணின் பக்கம் இருப்பவர்களோடு ஒரு சண்டை. அவர்கள் பெரும்பாலும் எண்ணைக் கண்டுபிடித்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

கிறிஸ் ஆண்டர்சனும் டேவிட் சாலியும் 2013இல் எழுதிய 'த நம்பர்ஸ் கேம்' நூலில் கார்னர் கிக்கைப் பற்றி ஒரு புகழ்பெற்ற பகுதி உண்டு. அவர்கள் கணக்கில் ஒரு கார்னரின் மதிப்பு சுமார் 0.022 கோல். ஒரு அணிக்குக் கார்னரிலிருந்து கோல் வருவது ஏறக்குறைய பத்து ஆட்டத்துக்கு ஒரு முறை. கார்னர் கிடைத்ததும் மைதானம் எழுந்து நின்று கத்துகிறதே, அது வீண் கத்தல் என்பது முடிவு.

2018 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். 9வது நிமிடம் சேத்ரி அடித்து பெங்களூரு முன்னிலை. 17வது நிமிடம் கிரெகரி நெல்சனின் கார்னர், மைல்சன் ஆல்வெஸ் தலையால் கோல். 45வது நிமிடம் மறுபடி நெல்சன், மறுபடி கார்னர், மறுபடி மைல்சனின் தலை. இருபது ஆட்டத்துக்கான பங்கை ஒரே பாதியில் எடுத்துவிட்டார்கள். 67வது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். மிக்கூ கடைசியில் அடித்தது ஆறுதல் கோல்.

"பாத்தியா, ஸ்டாட்ஸ் தோத்துப்போச்சு" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஜோதிடர் கணக்குக்குத் திரும்பிவிடுவோம். ஒரு ராத்திரி எதையும் நிரூபிக்காது. ஆனால் அந்தச் சராசரியை வேறு விதமாகப் படித்தவர்கள் இருந்தார்கள். பந்தய உலகத்திலிருந்து வந்த மாத்யூ பென்ஹாம் 2014இல் டென்மார்க்கின் மிட்ஜிலாண்ட் கிளப்பை வாங்கினார். அவர் ஆட்கள் கேட்ட கேள்வி இது: கார்னரில் கோல் விழாததற்குக் காரணம் கார்னரின் இயல்பா, அல்லது யாரும் அதை உட்கார்ந்து பழகாததா? செட்பீஸுக்கென்று தனிப் பயிற்சி, தனி நேரம், விதவிதமான திட்டங்கள். அடுத்த பருவத்திலேயே மிட்ஜிலாண்ட் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. அதில் செட்பீஸ் கோல்களுக்குக் கணிசமான பங்கு. பென்ஹாமின் இன்னொரு கிளப் பிரென்ட்ஃபோர்ட் 2021இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அங்கே செட்பீஸ் பயிற்சியாளராக இருந்த நிக்கோலா ஜோவர் பிறகு ஆர்சனலுக்குப் போய், கார்னர் என்றாலே எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும்படி செய்தார்.

0.022 என்ற அதே எண்ணை ஒருவர் 'இங்கே ஒன்றுமில்லை' என்று படித்தார். இன்னொருவர் 'இங்கே யாரும் உழவில்லை' என்று படித்தார். தரிசு நிலத்தின் விளைச்சலை மட்டும் அளந்துவிட்டு மண்ணே மோசம் என்று சொல்ல முடியாது. சராசரி என்பது இதுவரை ஆடியவர்கள் ஆடிய விதத்தின் வரலாறு மட்டுமே.

தப்பாகப் படித்த எண் ஒரு நாட்டின் ஆட்டத்தையே கெடுக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சார்லஸ் ரீப், இங்கிலாந்து விமானப்படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆட்டத்தில் பொறுமை இழந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்க ஆரம்பித்தார். பிறகு வாழ்நாள் முழுக்க நிறுத்தவில்லை. 1968இல் பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டியின் இதழில் கட்டுரையே வெளியிட்டார். அவர் கண்டது, கோல்களில் ஏறக்குறைய 80 சதவீதம் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் வருகிறது. ஆகவே பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுக்காதே, நீளமாக முன்னால் அடி.

கணக்கில் தப்பு இல்லை, கழிக்க மறந்தார். அதே தரவில் மொத்தத் தாக்குதல்களிலேயே 90 சதவீதத்துக்கும் மேல் மூன்று பாஸுக்குள் முடிந்தவைதான். 90 பங்கு முயற்சியில் 80 பங்கு கோல் என்றால், மிச்சமுள்ள நீளமான தாக்குதல்கள்தான் தம் பங்குக்கு மேல் விளைச்சல் கொடுத்திருக்கின்றன. தாம்பரத்தில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை இரு சக்கர வாகன விபத்துகள் என்பதை வைத்து மட்டும் பைக் ஆபத்தா என்று சொல்ல முடியாது. சாலையில் எத்தனை பைக் ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும். ஒரு வகுத்தல் செய்யாததால், நடுக்களத்தைத் தாண்டி வானத்தில் பந்தை அனுப்பும் பழக்கத்துக்கு இங்கிலாந்தில் பல காலம் அறிவியல் முத்திரை கிடைத்தது.

*

எண்ண ஆரம்பித்தால் எண்ணப்படுபவர்களும் மாறுவார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கையை வைத்து அப்ரைசல் என்று அறிவித்த ஒரு நிறுவனத்தில் நான் இருந்திருக்கிறேன். ஒரே மாதத்தில் ஒரு வேலை நாலு டிக்கெட்டாகப் பிறக்க ஆரம்பித்தது. கடினமான பக் யார் கையிலும் ஒட்டாமல் வட்டம் சுற்றியது. பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரில் ஒரு விதியே இருக்கிறது: ஓர் அளவு இலக்காகிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும்.

மாடம்பாக்கத்தில் ஞாயிறு காலை நாங்கள் ஆடும் டர்ஃபிலும் இது நடந்தது. குழுவில் ஒரு நண்பன் கோல், அசிஸ்ட் இரண்டையும் எக்ஸெலில் போட்டு வாரா வாரம் வாட்ஸாப்பில் ரேங்க் லிஸ்ட் விட ஆரம்பித்தான். மூன்றாவது வாரம் கீப்பராக நிற்க ஆளில்லை. ஐந்தாவது வாரம் பின்னால் ஓடி வர ஆளில்லை. "டேய், ட்ராக் பேக் பண்ணா எந்த காலத்துல போடுவ?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. இந்தத் துறையின் மிகப் பழைய சிக்கலே அதுதான்.

ஏனென்றால் பந்தைத் தொட்டால்தான் நிகழ்ச்சி. ஆப்டா மாதிரியான நிறுவனங்கள் ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 2,000 நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கின்றன. அநேகமாக எல்லாமே பந்தைச் சுற்றியவை. சரியான இடத்தில் நின்றதால் எதிரி அந்தப் பாஸைக் கொடுக்கவே யோசித்துவிட்டான் என்றால், அது நடக்காத நிகழ்ச்சி; நடக்காததைக் குறிக்க விசைப்பலகையில் பொத்தான் இல்லை. நொடிக்கு 25 முறை எல்லா வீரர்களின் இடத்தையும் பதிவு செய்யும் கேமராக்கள் இந்தக் குருட்டுத்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கின்றன. ஆனால் அவை இருப்பது பணக்கார மைதானங்களில்.

வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷை எடுத்துக்கொள்வோம். 2017–18இல் சென்னையினின் நடுக்களத்தில் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்ற ஆள். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக அவர் அடித்த கோல் கணக்கில் இருக்கிறது. ஆனால் அவருடைய உண்மையான வேலை, திறந்துவிடப் போகிற கதவுகளை முன்கூட்டியே சாத்துவது. அடுத்த பருவத்தின் பெரும்பகுதியை அவர் முழங்கால் காயத்தால் இழந்தார். 9 புள்ளிக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'பசி போய்விட்டது' என்று எழுதியவர்கள், போனது பசியா கணேஷா என்றாவது கேட்டிருக்கலாம். இருக்கும்போது காணாத ஒருவரை, இல்லாதபோது விழுந்த கோல்களின் வழியாக எண் காட்டிக்கொடுக்கும். அதையும் படிக்கத் தெரிந்த கண் வேண்டும்.

*

இதுவரை சொன்னது எண்ணப்பட்ட ஆட்டங்களைப் பற்றி. எனக்கு அதிகம் உறுத்துவது எண்ணப்படாதவை.

பந்தயச் சந்தையும் ஒளிபரப்பு வருமானமும் உள்ள இடத்துக்குத்தான் தரவு போகிறது. 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்சி லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தை எடுத்தது. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்றின் பெரிய சாதனை. ஐரோப்பாவின் இரண்டாம் நிலை லீக்கில் ஒரு மாற்று ஆட்டக்காரர் கொடுத்த பக்கவாட்டுப் பாஸ்கூடச் சாசுவதமாக ஒரு சர்வரில் இருக்கிறது. நம் பெண்கள் கோப்பை வென்ற வழி, பார்த்தவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. ஞாபகம் நம்பத்தகாதது என்பதல்ல என் கவலை. ஞாபகம் வேலை வாங்கித் தராது. தரவு இல்லாத ஆட்டக்காரரை அடுத்த கிளப் தேடி வராது.

சிறுவர்களின் தேர்வில் இது இன்னும் கூர்மையாகும். மாடம்பாக்கத்திலிருந்து ஒரு பையன் விடிகாலை பஸ் பிடித்து, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குச் செலக்ஷன் ட்ரையல்ஸுக்குப் போகிறான் என்று வையுங்கள். நூறு, இருநூறு பையன்கள். ஆளுக்குச் சில நிமிடங்கள். பார்ப்பவர்கள் அனுபவசாலிகள், பலர் உண்மையிலேயே நல்லவர்கள். அவர்கள் கண் என்ன செய்யும்?

இதற்கு ஒரு பதிலைப் புள்ளிவிவரம் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. வயதுப் பிரிவின் கட்-ஆஃப் தேதி ஜனவரி 1 என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு அதிகமாக இருப்பார்கள்; நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்கள் குறைவாக. பதின்மூன்று வயதில் பத்து மாதம் என்பது நாலு விரல் உயரம், ஒரு தோள் அகலம். கண் அதைத் 'திறமை' என்று படிக்கிறது. தேர்வானவனுக்கு நல்ல பயிற்சி, நல்ல பூட்ஸ், நல்ல ஆட்டங்கள். இரண்டு வருடத்தில் அவன் நிஜமாகவே மேலானவனாகிவிடுவான். செலக்டர், "பாத்தீங்களா, என் கண்ணு தப்பாது" என்பார். டிசம்பர்ப் பையன் அதற்குள் டெலிவரி பைக் ஓட்டிக்கொண்டிருப்பான்.

இந்த அநியாயத்தை எந்த ஒரு செலக்டரின் கண்ணாலும் பார்க்க முடியாது, ஏனென்றால் அது ஒரு பையனிடம் இல்லை. பிறந்த தேதிகளை வரிசையாக எழுதி எண்ணினால் மட்டுமே தெரிகிறது. எண் ரசனையைக் கொல்லும் என்று கவலைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். ரசனை தன்னைத்தான் சோதித்துக்கொள்ள ஒரு கண்ணாடி வேண்டும்.

இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இந்தச் சண்டை பழக்கப்பட்டதாகத்தான் இருக்கும். க.நா.சு பட்டியல் போட்டபோது, எதை வைத்து என்று கேட்டார்கள். என் வாசிப்பை வைத்து என்பதே அந்த மரபின் பதில். விற்பனையை வைத்து நாவலை எடைபோட முடியாது என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் 'சிறந்த நூறு' பட்டியல்களில் பெண்கள் எத்தனை பேர், தலித்துகள் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டியபோதுதான் அந்தப் பட்டியல்களின் கண் எங்கெல்லாம் திரும்பவில்லை என்று தெரிந்தது. எண்ணியவர்கள் நாவல் எழுதித் தரவில்லை, நாவலை மதிப்பிடவும் இல்லை. மதிப்பிட்டவர்கள் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் காட்டினார்கள்.

கால்பந்திலும் எண்ணிடம் நான் கேட்பது அவ்வளவுதான். அதற்கு நொடிக்கு 25 படம் எடுக்கும் கேமரா வேண்டியதில்லை. மாவட்ட லீக் ஆட்டத்தில் யாராவது ஒருவர் கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்து, யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள், எந்த மாதம் பிறந்தவர்கள், பந்து எங்கே பறிபோனது என்று எழுதினால் போதும். ரீப் செய்ததும் அதைத்தான். கூடவே ஒரு வகுத்தலையும் நாம் போட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளை ட்ரையல்ஸுக்கு அழைத்துப் போகும் அப்பா அம்மாக்களும் ஒன்று செய்யலாம். "பையன் கிட்ட ஸ்பார்க் இல்ல சார்" என்று யாராவது சொன்னால், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எந்த இடத்தில் ஆடவிட்டீர்கள், தேர்வானவர்களின் பிறந்த மாதங்கள் என்னென்ன என்று மரியாதையாகக் கேட்கலாம். பதில் இருந்தால் அது தேர்வு. பதில் இல்லையென்றால், 15 லட்சம் வாங்காத ஜோதிடம்.